சாய்ந்த வெயிலில் தெரியும் யானை

டீ கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் ஒரு சின்ன வேலை செய்து பார்ப்போம். பையைத் துழாவினால் தேய்ந்துபோன பழைய காசு ஒன்று கிடைக்கும். அதை மேசைமேல் வைத்து, கைபேசியின் டார்ச்சை அதற்கு நேர் மேலே பிடியுங்கள். காசு பளபளக்கும், எழுத்து தெரியாது. இப்போது டார்ச்சை மெல்ல இறக்கி, மேசையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். தேய்ந்துவிட்டது என்று நினைத்த சிங்கமும் ஆண்டும் நிழல் கட்டி எழுந்து வரும்.

பாறைக் கீறல்களைத் தேடிப் போகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான். உச்சி வெயிலில் வெறும் பாறை. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ அதே பாறையில் ஒரு மாடு நிற்கும், ஒரு மனிதன் கை விரித்திருப்பான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். நாம்தான் தப்பான நேரத்தில் போய்விட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வருகிறோம்.

சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவியால் பாறைமேல் தீட்டியிருக்கிறார்களே, அது பாறை ஓவியம். அதே மாவட்டத்தில் திண்டிவனம் பக்கம் பெருமுக்கல் குன்றில் இருப்பது பாறைக் கீறல். அங்கே நிறம் கிடையாது. கல்லால் கல்லைக் கொத்தியோ தேய்த்தோ பள்ளமாக்கிய கோடுகள். ஓவியத்தைப் பார்த்தால் ஓவியம் என்று குழந்தைக்கும் தெரியும். கீறல் அப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதனால்தான் அதைப் பதிவு செய்வதும் கஷ்டம், காப்பாற்றுவதும் கஷ்டம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல இடம் கொங்கணம். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, சிந்துதுர்க் மாவட்டங்களில் கடலுக்கும் மலைக்கும் நடுவே தட்டையான பாறை மேடுகள் கிடக்கின்றன. நம் புதுக்கோட்டைப் பக்கம் செம்புராங்கல் என்போமே, லேட்டரைட், அந்தக் கல். அந்த ஊர்க்காரர்கள் இந்த மேடுகளைச் ‘சடா’ என்கிறார்கள். கோடையில் தீய்ந்து கருத்துக் கிடக்கும். மழை விழுந்தால் ஒரே வாரத்தில் புல்லும் பூவுமாக மாறிவிடும். அந்தச் சடாக்களின் தரையில்தான் கீறல்கள் இருக்கின்றன. குகைச் சுவரில் இல்லை, குன்றின் முகத்தில் இல்லை. நடந்து போகிறவரின் செருப்புக்கு அடியில்.

காசேலி என்ற ஊரில் ஒரு யானை இருக்கிறது. ஏறத்தாழ 18 மீட்டருக்கு 13 மீட்டர். நம் ஊர்ச் சின்ன வீடு ஒன்று கொல்லையோடு சேர்ந்து அடங்கிவிடும் அளவு. அந்த யானையின் உடம்புக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட சிறிய உருவங்கள். அதன் கால் அருகே நின்றால் தும்பிக்கை கண்ணுக்கு எட்டாது. எனவே முழு யானையையும் ஒருசேரப் பார்க்க மேலே போயாக வேண்டும். இன்று ட்ரோன் இருக்கிறது. வரைந்தவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. மனசுக்குள் முழு யானையையும் வைத்துக்கொண்டு, தரையில் குனிந்தபடி ஒவ்வொரு கோடாகக் கொத்திக்கொண்டே போயிருக்கிறான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கிறது.

யானை மட்டும் இல்லை. காண்டாமிருகம் இருக்கிறது, சுறா இருக்கிறது, திருக்கை மீன் இருக்கிறது. பார்சு என்ற ஊரின் சடாவில் ஒரு மனிதனும் அவனுக்கு இருபுறமும் புலிபோன்ற விலங்குகளும். இன்று கொங்கணத்தில் காண்டாமிருகம் ஏது? அது அங்கே திரிந்த காலத்தைப் பார்த்தவர்கள் கொத்தியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்ட ஒரு நூல். வேட்டையாடிய விலங்குகள் இத்தனை இருக்க, உழவைக் காட்டும் படங்கள் இல்லை என்பது இன்னொரு நூல். இவற்றை வைத்துப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று கணிக்கிறார்கள். கணிப்புத்தான். கீறலில் கரியோ சாயமோ இல்லாததால் அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வயதைக் கேட்க முடியாது. சுற்றியுள்ள குகைகளையும் மண்ணையும் தோண்டி, கிடைக்கும் கற்கருவிகளை வைத்துச் சுற்றிவளைத்துத்தான் வயதை நெருங்க வேண்டும். ஆகவே அந்த மண்ணைக் கலைத்தாலே வயதைச் சொல்லக்கூடிய சாட்சியைக் கலைத்ததாகிவிடும்.

இவற்றை யார் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுதிர் ரிஸ்பூட் என்ற பொறியாளரும் அவருடைய நண்பர்களும் வேலை நேரம் போகச் சடா சடாவாக நடந்தார்கள். ஊர் ஊராகப் போய் ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் கேட்டார்கள். பிறகு பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். “உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வாருங்கள், பாறையில் படம் பார்த்திருக்கிறார்களா என்று” எனப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு போய்ப் பதிலோடு திரும்பி வந்தது. 2018-ல் இவர்களுடைய வேலை உலகச் செய்தியானபோது 52 ஊர்களில் கீறல்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் ஏறக்குறைய ஐந்து ஊர்களுக்குத்தான் தங்கள் மண்ணில் இப்படி ஒன்று இருப்பது முன்பே தெரியும். அப்போது மாநில அரசு 400 கீறல்களை ஆராய 24 கோடி ரூபாய் ஒதுக்கியது. இன்று எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

முன்பே தெரிந்த ஊர்களில் எப்படித் தெரிந்திருந்தது? பெயரில் இருந்தது. சிந்துதுர்க்கில் குடோபி என்ற ஊரின் கீறல் மேட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் ‘பாஹுல்யாஞ்சா சடா’. பொம்மைகளின் மேடு என்று பொருள். கோவாவில் குஷாவதி ஆற்றங்கரையில் பன்சாய்மல் கீறல்கள் 1993-ல் வெளியுலகுக்குத் தெரியவந்தன. அதையும் ஊர்க்காரர்கள்தான் சொன்னார்கள். மாடு மேய்த்த பையன்கள் கிறுக்கியது என்று அங்கே ஒரு கதை உண்டு. கதையில் காலம் தப்பாக இருக்கலாம், இடம் தப்பாது. நம் ஊரிலும் பாண்டவர் பாறை, எழுத்துப் பாறை, சித்திரக்கல் என்று ஒரு பெயர் காதில் விழுந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும்.

சரி, போய்ப் பார்த்தாயிற்று. கீறலும் இருக்கிறது. எப்படிப் பதிவு செய்வது?

கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஈரத் தாளைக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மையை ஒற்றி எடுத்தால் எழுத்து வெள்ளையாக விழும். வழவழப்பான கல்லில், ஆழமான எழுத்துக்கு அது அருமையான முறை. சொரசொரப்பான செம்புராங்கல்லில் தாள் ஒட்டாது. அடித்தால் கல் உதிரும். பிளாஸ்டிக் தாளை விரித்துப் பேனாவால் கோட்டைத் தொட்டு வரைவார்கள். அதிலும் பாறை மிதிபடும், கை போன போக்கில் கோடு போகும். இப்போது பாறையைத் தொடாமலே வேலையை முடிக்க முடியும் என்பதால், தொடும் முறைகளைக் கைவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

தொடாத முறையின் பெயர் கொஞ்சம் நீளம், போட்டோகிராமெட்ரி. வேலை எளிது. உங்கள் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு படமாக எடுத்துக்கொண்டே வாருங்கள். ஓடு வேயும்போது ஒரு ஓட்டின்மேல் அடுத்த ஓடு பாதிக்கு மேல் ஏறி நிற்குமே, அதுபோல ஒவ்வொரு படமும் முந்தின படத்தின் பெரும்பகுதியைத் தன்னுள் வைத்திருக்க வேண்டும். எல்லாப் படங்களிலும் பொதுவாக வரும் புள்ளிகளைக் கணினி பொருத்திப் பார்த்து, கிளாஸின் முப்பரிமாண உருவத்தைக் கட்டிவிடும். பாறைக்கும் அப்படியே. அப்புறம் அந்த உருவத்தின்மேல் எந்தத் திசையிலிருந்தும் வெளிச்சத்தை அடித்துப் பார்க்கலாம். நாம் காசில் செய்த அதே வித்தைதான். மாலை வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் படத்தில் ஓர் அளவுகோல் கிடக்க வேண்டும், வடக்கு எது என்று ஓர் அம்புக்குறி இருக்க வேண்டும். இவை இல்லாத படம் அழகான படமாக இருக்கலாம், ஆவணமாகாது.

படத்தைவிடக் காகிதம் முக்கியம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெல்லாரிக்கு வருவோம், அது அப்போது சென்னை மாகாணம். குப்கல் என்ற ஊர்க் குன்றில் நீண்ட கொம்பு மாடுகள், மனிதர்கள் என்று ஏராளமான கீறல்கள் இருப்பதை ஃபாசெட் என்ற போலீஸ் அதிகாரி 1892-ல் எழுதி வெளியிட்டார். வயநாட்டின் எடக்கல் கீறல்களை 1901-ல் எழுதி உலகுக்குச் சொன்னவரும் இதே ஃபாசெட்தான். எடக்கல் என்பது நம் இடைக்கல். இரு பாறைகளுக்கு இடையே ஒரு பெருங்கல் விழுந்து சிக்கிக் கூரையாக நிற்பதால் வந்த பெயர். கீறல்களோடு தமிழ் பிராமி எழுத்துகளும் அங்கே உண்டு. எடக்கல் மறக்கப்படவில்லை. குப்கல் வேறுமாதிரி ஆயிற்று. பின்னால் அதைத் தேடிப்போன ஆய்வாளர்களுக்கு இடம் பிடிபடவில்லை. பழைய புகைப்படங்களும் மங்கிப்போயின. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, நிக்கோல் பாய்வின் என்ற தொல்லியலாளரின் குழு 2000-களின் தொடக்கத்தில் மறுபடியும் அந்தக் குன்றில் ஏறி விரிவாகப் பதிந்தது. அப்போது ஒன்றைக் கவனித்தார்கள். சில பாறைகளில் கைப்பிடிக் குழிகள்போலத் தேய்ந்த இடங்கள் இருந்தன. அங்கே கல்லால் தட்டினால் சேகண்டி அடித்ததுபோல நாதம் வந்தது. படமும் இசையும் ஒரே இடத்தில்! அந்தக் குழு போகும்போதே குன்றின் ஒரு பக்கத்தைக் கல்லுடைப்பவர்கள் தின்று முடித்திருந்தார்கள். நடுவில் போன நூறு ஆண்டில் என்னென்ன ஜல்லியாயிற்றோ.

எனவே பதிவுத் தாளில் எங்கே என்பது முதலில் வர வேண்டும். ஜிபிஎஸ் எண், கிராமம், சர்வே எண், நிலம் யாருடையது, எந்த வழியாகப் போவது. பிறகு நீளம், அகலம், ஆழம், எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, விரிசல் இருக்கிறதா, பாசி இருக்கிறதா. ஊர்க்காரர்கள் அந்த இடத்தை என்ன சொல்லி அழைக்கிறார்கள், யார் சொன்னது. அடுத்த ஆண்டு அதே நாளில் போய் அதே தாளை மறுபடியும் நிரப்பினால், பாறைக்கு என்ன ஆகிறது என்பது தெரிந்துவிடும். இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துக் குன்றுகளில் ஸ்டான் பெக்கன்சால் என்ற பள்ளி ஆசிரியர் இப்படிப் பல பத்தாண்டுகள் நடந்து சேர்த்த குறிப்புகளே பிறகு ஒரு பல்கலைக்கழக ஆவணமாயின. 2004-லிருந்து 2008 வரை அங்கே நடந்த அரசுத் திட்டத்தில் தன்னார்வலர்கள்தான் வயல்வெளியில் முழங்காலிட்டு அளந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், மலையேறுகிறவர்கள். முறையாகச் சொல்லிக் கொடுத்தால் பொதுமக்கள் செய்ய முடிந்த வேலை இது.

இன்னொரு டீ சொல்லலாமா? இனி சொல்லப்போவது கொஞ்சம் வருத்தமான பகுதி.

நார்வேயில் ட்ரோ என்ற தீவில் சுமார் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கீறல். பனிச்சறுக்குக் கட்டைமேல் ஒரு மனிதன் நிற்கிறான். 1994-ல் லில்லேஹம்மர் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தபோது, விளையாட்டுச் சின்னங்களுக்கு அந்த உருவம்தான் தூண்டுதல். 2016 கோடையில் சில சிறுவர்கள் அங்கே போனார்கள். கோடு மங்கலாக இருக்கிறதே, எல்லாருக்கும் நன்றாகத் தெரியட்டுமே என்று கூரிய ஒன்றை எடுத்து அந்தக் கோட்டின்மேலேயே கீறிவிட்டார்கள். மூலக் கோடு போய்விட்டது. தாங்களே முன்வந்து மன்னிப்புக் கேட்டார்கள் என்கிறார்கள். அவர்கள் மனசில் தீங்கு இல்லை. எனக்கு அதுதான் கவலை. கெட்டவனைத் தடுக்கச் சட்டம் உண்டு. நல்ல எண்ணத்தோடு வருகிறவனை எந்தச் சட்டம் தடுக்கும்?

சாக்பீஸ் இதன் சின்னத் தம்பி. படம் எடுக்க வருகிறவர்கள் கோட்டின்மேல் வெள்ளையாக வரைந்துவிடுகிறார்கள். கல்லின் துளைகளுக்குள் சுண்ணத் தூள் இறங்கிவிடுகிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. நீங்கள் மான் என்று நினைத்து மானாக வரைந்துவிட்டால், பின்னால் வருகிறவர் கண்ணுக்கு அது மானாக மட்டும்தான் தெரியும். அங்கே வேறொரு கோடு இருந்திருந்தால் அது உங்கள் சாக்பீஸுக்கு அடியில் போய்விட்டது. நார்வேயிலேயே ஆல்டா என்ற இடத்தில் பார்வையாளர்களுக்காகச் சிவப்புச் சாயம் பூசி வைத்திருந்தார்கள். அறிஞர்களே செய்த வேலை அது. தவறு என்று உணர்ந்து, பிறகு பொறுமையாக அந்தச் சாயத்தை நீக்கும் வேலையில் இறங்கினார்கள். தண்ணீரை ஊற்றிக் காட்டுவதும், செருப்புக் காலோடு ஏறி நின்று செல்ஃபி எடுப்பதும் நம் பக்கத்துப் பழக்கங்கள். ஒருவர் செய்தால் ஒன்றும் ஆகாது. ஆயிரம் பேர் செய்தால் கோடு போய்விடும்.

ஆனால் கொங்கணத்தில் கீறல்களுக்கு உண்மையான எதிரி செல்ஃபி இல்லை. செம்புராங்கல்லை மெஷினால் கட்டி கட்டியாக அறுத்து வீடு கட்டுகிறார்கள். பாறையில் வெடி வைத்துக் குழி எடுத்து அல்போன்சா மாங்கன்று நடுகிறார்கள். ரோடு வருகிறது. பார்சு சடாவை ஒட்டிய நிலத்தில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றைக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். 2023 ஏப்ரலில் மண் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தபோது ஊர் திரண்டு மறித்தது. மாமரத்துக்கும் மீனுக்கும் ஆபத்து என்பது அவர்களுடைய முதல் கவலை. கீறல்களும் அந்தக் கவலையில் சேர்ந்துகொண்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2022-ல், பார்சு உள்ளிட்ட ஒன்பது கீறல் இடங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியிருந்தன. உத்தேசப் பட்டியல் என்பது டாக்டர் அறைக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சு மாதிரி. வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மட்டும்தான் அதன் பொருள். அதனால் ஒரு கல்லுடைப்பும் நிற்காது.

நிற்க வைக்கச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்துவிட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டவோ தோண்டவோ கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மாநிலங்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்புப் பட்டியலில் ஏற, அந்த இடம் இன்னது, இத்தனை அடி, இன்ன சர்வே எண் என்று முதலில் காகிதத்தில் வந்தாக வேண்டும். இன்றைக்கு இந்தப் பாறை மேடுகள் காகிதத்தில் என்னவாக இருக்கின்றன தெரியுமா? தரிசு. நம் வருவாய்த் துறைக் கணக்கிலும் இந்தச் சொல் உண்டு. பயிர் விளையாத இடமெல்லாம் தரிசு. யானையும் காண்டாமிருகமும் விளைந்த இடத்துக்கும் அதே சொல். குவாரிக்குக் குத்தகை கேட்டு வருகிறவருக்கு அந்த ஒரு சொல் போதும். அதிகாரியும் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் கையெழுத்துப் போடலாம். அங்கே கீறல் இருப்பது அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே. இத்தனை அளவும் படமும் எண்ணும் எடுப்பது ஆராய்ச்சிக் கட்டுரைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். தரிசு என்ற அந்தச் சொல்லை அடித்துத் திருத்தத்தான் முதலில் அது பயன்பட வேண்டும்.

ரத்னகிரியின் உக்ஷியில் ஊர்க்காரர்கள் தங்கள் பாறை யானையைச் சுற்றிச் செம்புராங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். இப்போது வருகிறவர்கள் வெளியே நின்று பார்க்கிறார்கள். மாடு மிதிப்பதில்லை, வண்டி ஏறுவதில்லை. காவலாளிக்குச் சம்பளம் கொடுத்து இந்தக் காவலை வாங்க முடியாது. இது எங்கள் யானை என்று ஊர் சொல்லிவிட்டால் போதும், மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் ஊரிலும் ஒரு பாறை இருக்கலாம். கண்ணில் பட்டால் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள், சாக்பீஸை எடுக்கவே எடுக்காதீர்கள். மாலை வெயில் சாயும்வரை காத்திருந்து, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கிராமம், சர்வே எண், ஊர்க்காரர் சொல்லும் பெயர் மூன்றையும் எழுதுங்கள். இணையத்தில் போடுவதற்கு முன்னால் மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முதலில் வந்து பாதுகாப்பு பின்னால் வந்தால் பாறை தாங்காது.

அதற்கும் முன்னால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருந்தால் அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். பாறையில் படம் எதுவும் பார்த்திருக்கிறீர்களா ஐயா என்று கேளுங்கள். அவருக்குப் பிறகு அந்தக் குன்றுக்கு ஆடு ஓட்டிப் போக ஆள் இல்லை.